உள் ஆரம்

காலையில் எழுந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்து வாளியை வைக்கிறேன். அது நிறைய நேரமாகும். அதற்குள் பல் தேய்க்கிறேன். அடுப்பில் தண்ணீர் வைத்துத் தேநீர் போடுகிறேன். நின்றபடியே குடிக்கிறேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போடுகிறேன். முதுகை யாரும் பார்ப்பதில்லை. திரும்பிப் போகும்போது வாளி முக்கால் நிறைந்திருக்கும். அதுவே போதும். குளிக்கிறேன். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.

வீட்டில் இருப்பது பழைய இரும்புக் குழாய். உள்ளே உப்புப் படிந்து துளை சுருங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் மனைவி இதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. “ஊருக்கெல்லாம் குழாய்க் கணக்குப் போடுறாரு ஐயா. வீட்டுல தண்ணி கஞ்சன் கண்ணீர் மாதிரி வருது. வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க?” மாற்றிவிடலாம் என்று இருந்தோம். இப்போது ஒரே ஆள். முக்கால் வாளி போதும்.

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் விசாரணை. காலையில் இதையெல்லாம் வழக்கம்போலச் செய்துவிட்டு அலுவலகம் போனேன்.

எங்கள் அலுவலகத்தில் கட்டடங்களுக்குக் குழாய்க் கணக்குப் போடுகிறோம். எந்த மாடிக்கு எவ்வளவு தண்ணீர், அதற்கு எந்தக் குழாய், எவ்வளவு அழுத்தம். கடையில் ஒரு குழாயை ஓர் அளவு சொல்லி வாங்குவார்கள். அது வெறும் பெயர். வெளி விட்டம் வேறு. சுவரின் கனத்தைக் கழித்தால் உள் விட்டம். அதில் பாதி உள் ஆரம். தண்ணீருக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் கணக்கை முடித்தாலும் பக்கத்து மேசைக்காரர் சத்தமாக “உள்ளா, வெளியா?” என்று கேட்க வேண்டும். “உள்” என்று பதில் வந்த பிறகுதான் வரைபடம் வெளியே போகும். ஒரு விடுதியின் மேல்மாடிக்குத் தண்ணீரே ஏறாமல் போனதிலிருந்து முதலாளி கொண்டுவந்த சட்டம் அது. “வெளிய பாத்துப் பொண்ணு கட்டுற மாதிரி குழாய் வாங்காதீங்கய்யா” என்பார்.

ஆரத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று கல்லூரி நாளில் என் மனைவிக்கு விளக்கியிருக்கிறேன். பழச்சாற்றுக் கடையில், இரண்டு ஸ்ட்ராக்களை வைத்து. ஒன்று மெல்லியது, ஒன்று அதைப்போல் இரு மடங்கு. குழாயில் நிதானமாக ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் இரட்டித்தால் ஓட்டம் பதினாறு மடங்கு. பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. மெல்லிய ஸ்ட்ராவை அவளிடம் கொடுத்துவிட்டுக் காகிதத்தில் சூத்திரத்தை எழுதினேன். எழுதி நிமிர்ந்தபோது தடித்த ஸ்ட்ரா அவள் வாயில் இருந்தது. என் டம்ளரும் காலியாகியிருந்தது.

“நல்லா புரிஞ்சிடுச்சு, பதினாறு” என்றாள்.

அன்றிலிருந்து அதுதான் என் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும். அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

அவள் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. ஒரு காலையில் வயிறு வலிக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று அவளே சொன்னாள். பிறகு குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தெளிந்து, பேசிக்கொண்டுதான் வந்தாள். அவசரப் பிரிவில் கையில் ஊசி போட்டார்கள். ரத்தமும் மருந்தும் ஏற்றுவதற்காக நரம்பிலேயே விட்டுவைக்கும் பிளாஸ்டிக் ஊசி. அது ஏறும்போது கண்ணை மூடினாள். பயத்தில் மூடுகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

எங்கள் இருவருக்கும் தெரியாமல் கரு உண்டாகியிருந்தது. கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தது. “குழாய் வெடிச்சிடுச்சு” என்றார் டாக்டர். இதே வார்த்தையை நான் அலுவலகத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியது. கொட்டும் வேகத்துக்கு ரத்தம் ஏற்ற முடியவில்லை. இன்னொரு ஊசி போட நரம்பு தேடினார்கள். எல்லாம் வற்றி ஒட்டிப்போயிருந்தன. போட்டிருந்த அந்த ஒரு ஊசி வழியாகத்தான் எல்லாம் போக வேண்டியிருந்தது.

அது ரோஸ் நிற ஊசி. மெல்லியது. மயங்கி விழுந்து வருகிறவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும் தடித்த ஊசியைப் போட வேண்டும் என்பது அங்கே விதி. போட்ட நர்ஸ், “சாம்பலைத்தான் பிரிச்சேன். பேஷண்ட் வேணாம்னாங்க, மெல்லிசு கேட்டாங்க” என்று சொல்லியிருந்தாள். அது உண்மையென்றால் ஒரு கண்டிப்போடு விடுவார்கள். பொய்யென்றால் வேலை போகும், இனி எங்கேயும் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. அந்த நேரத்தில் கட்டிலருகே இருந்தது நான் ஒருவன்தான்.

மாமனார் வீட்டில் யாரும் நர்ஸ் சொன்னதை நம்பவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

மதியத்துக்கு முன்பே மாமனாரும் மச்சினனும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். மாமனார் லாரி ஓட்டியவர். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கை கியரைப் பிடித்ததுபோல் முட்டியின் மேல் இருக்கும். மச்சினன் அவளுக்குத் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறான்.

“சாப்ட்டீங்களா மாப்ளே?”

“சாப்ட்டேன் மாமா.”

“பொய்யி. சட்டை கொடியில தொங்குற மாதிரி தொங்குது.”

பையிலிருந்து இரண்டு காகித உறைகளை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ஒன்றில் ரோஸ் ஊசி, ஒன்றில் சாம்பல் ஊசி.

“மருந்துக்கடையில வாங்கினேன். எதுக்குப் பெரியவரேன்னான். எங்க மாப்ளே கணக்குப் போடணும்னேன். மேலயும் கீழயும் பாத்தான்.”

“நானே போட்டுட்டேன் மாமா” என்றான் மச்சினன். செல்போனில் கணக்கு தயாராக இருந்தது. “உறை மேலயே இருக்கு. ரோஸ் ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர். சாம்பல் ஒண்ணு புள்ளி எட்டு. கிட்டத்தட்ட டபுள். டபுள்னா பதினாறு. அக்கா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அந்த நர்ஸ் போட்டது பதினாறுல ஒரு பங்கு. நீங்க இஞ்சினியரு. நீங்க சொன்னா அங்க எடுபடும்.”

பக்கத்து மேசைக்காரி கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, பழக்கத்தில், “உள்ளா, வெளியா?” என்றாள். சொன்ன பிறகுதான் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

“வெளி” என்றேன்.

“என்ன மாமா?”

“உறைல போட்டிருக்கிறது வெளி அளவு. உள் துளையை வெச்சுப் போட்டா ஏழு மடங்குகிட்ட வரும். அதுவும் நீளமான குழாய்க்கு. ஊசி ஒரு விரல் நீளம்கூட இல்ல. நுழையிற எடத்துலயே பாதி அழுத்தம் போயிடும்.” உறையைத் திருப்பிக் காட்டினேன். “நிமிஷத்துக்கு எவ்வளவு போகும்னு அளந்து பாத்து இங்கயே அச்சடிச்சிருக்கான். மூணு மடங்கு.”

“கம்பெனிக்காரன் அவன் சரக்கப் பத்திச் சொல்றத நம்புறதா?” என்றான் மச்சினன்.

“மூணா?” என்றார் மாமனார். சந்தையில் விலையைக் கேட்டவர்போல என் முகத்தையே பார்த்தார். “பதினாறுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே மாப்ளே.”

நான் உறையை மேசைமேல் வைத்தேன்.

“சரி. மூணே இருக்கட்டும். மூணு மடங்கு ரத்தம் போயிருந்தா எந்திரிச்சு உக்காந்திருப்பா இல்ல?”

“தெரியல மாமா.”

“படிச்ச புள்ள தெரியலன்னா?”

“உள்ள எவ்வளவு கொட்டுச்சுன்னு யாருக்கும் தெரியாது. ரத்தம் தண்ணி மாதிரி ஓடாது, கெட்டி. குளிர்பெட்டியில இருந்து எடுத்தது இன்னும் கெட்டி. அதையெல்லாம் சேத்தா…”

“போதும் மாப்ளே.” உறைகளை எடுத்துப் பையில் போட்டார். “அது என் பொண்ணு ரத்தம். நீங்க டேங்க் தண்ணி மாதிரி பேசுறீங்க.”

அவர் சொன்னது சரிதான். எனக்கு வேறு மாதிரிப் பேச வரவில்லை.

டாக்சியில் மச்சினன் முன்னால் உட்கார்ந்தான். நானும் மாமனாரும் பின்னால். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மச்சினன் திரும்பித் திரும்பிப் பேசினான்.

“செத்தவ வந்து பதில் சொல்ல மாட்டாங்கிற தைரியம். அக்கா கேட்டாளாம். என்னமோ வளையல் கடையில நின்னு ‘அதை வேணாம், இதை எடுங்க’ன்னு கேட்ட மாதிரி. வாய் கூசல பாருங்க.”

“விடுடா” என்றார் மாமனார். “அங்க போய்ப் பேசு.” கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் சொன்னார். “கடைசியா அப்பான்னுதான் கூப்பிட்டாளாம். இவன்தான் சொன்னான். அதை வெச்சுக்கிட்டுத்தான் மாப்ளே நான் நடமாடுறேன்.”

மச்சினன் முன்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அன்று அங்கே இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தான். இது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

வண்டி ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. மாமனார் சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

“தடுப்பூசி போட ஆள் வந்தாங்கன்னு தெரிஞ்சா போதும். பள்ளிக்கூடத்துப் பின் சுவரேறிக் குதிச்சு நேரா எங்க லாரி ஷெட்டுக்கு வந்துடுவா. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல போய்ப் படுத்துக்குவா கழுத. ஒரு நாள் கிளீனர் பாத்துக் கத்தலன்னா வண்டிய எடுத்திருப்பேன். அவ்ளோ பயம். காதப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன். அங்க போனா என் சட்டைக்குள்ள மூஞ்சிய வெச்சுக்குவா. அழுகையப் பாத்தா நமக்கே தாங்காது. நான்தான் டாக்டர்கிட்ட கெஞ்சுவேன், ‘ஐயா, பெருசு வேணாங்கய்யா, இருக்கறதுலயே சின்ன ஊசியா பாத்து…’”

அங்கேயே நிறுத்திவிட்டார். வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினன் கேட்டானா இல்லையா தெரியவில்லை.

விசாரணை அறையில் நீண்ட மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஏசியிலிருந்து ஒரு மூலையில் தண்ணீர் சொட்ட, அதற்கடியில் குப்பைக் கூடையை வைத்திருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற மூத்த டாக்டர். அவர்தான் தலைமை. இரு பக்கமும் இன்னும் இரண்டு டாக்டர்கள். ஓரத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்ய. நர்ஸ் கடைசி நாற்காலியின் நுனியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என் மனைவியைவிட வயது குறைவு. யூனிபார்ம் இல்லாமல் வந்திருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

மச்சினன் பதினாறு மடங்கைச் சொன்னான். பதறாமல், நன்றாகவே சொன்னான். தலைவர் என்னைப் பார்த்தார்.

“நீங்க இந்தத் துறைதானே? உங்க கணக்கும் இதுதானா?”

“இல்ல. மூணு மடங்கு.”

பக்கத்து டாக்டர் தலையசைத்தார். மச்சினன் நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தம் கேட்டது.

“யார் பக்கம் மாமா நீங்க?”

“உக்காருப்பா” என்றார் தலைவர். நர்ஸிடம் திரும்பினார். “நீங்க சொல்லும்மா.”

“சாம்பல் ஊசியப் பிரிச்சேன் சார். அவங்க பாத்துட்டாங்க. வேணாம்னு சொன்னாங்க. நான் எடுத்துச் சொல்லியிருக்கணும். பெருசு போட்டே ஆகணும்னு கண்டிச்சுச் சொல்லியிருக்கணும். சொல்லல.” கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். “அவங்க சிரிச்சாங்க சார். நல்லா பேசிட்டு இருந்தாங்க. நானும் சிரிச்சிட்டேன்.”

“வயித்துக்குள்ள ரத்தம் கொட்டுது, எங்க அக்கா சிரிச்சுக்கிட்டு இருந்தாளா?” மச்சினன் மறுபடி எழுந்தான். “கேக்கறவன் கேனயனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க.”

“பக்கத்துல யார் இருந்தது?” என்று கேட்டார் தலைவர்.

“நான்” என்றேன்.

மாமனாரின் கை என் முட்டிமேல் வந்து உட்கார்ந்தது. கனமான கை. தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஐயா, என் பொண்ணு கடைசியா பேசினது ‘அப்பா’ங்கிற ஒரு வார்த்தை. ஊசியப் பத்தியெல்லாம் இல்ல. என் மகன் சொன்னான்.”

“உங்க மகன் அப்போ உள்ள இருந்தாரா?”

மச்சினன் மேசையைப் பார்த்தான். “வந்துட்டு இருந்தேன் சார். வழியில.” உட்கார்ந்தான்.

மாமனார் அவன் பக்கம் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.

“நீங்க சொல்லுங்க தம்பி” என்றார் தலைவர். “அப்பான்னு கூப்பிட்டாங்களா?”

“இல்ல.”

“அப்போ என்ன சொன்னாங்க? ஞாபகம் இருக்கிற வரைக்கும் அப்படியே சொல்லுங்க.”

ஞாபகம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. தினமும் காலையில் வாளி நிறையும் நேரம் முழுக்க அது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் குழாயை மாற்றவில்லை. அவள் பேசியதில் என் கையில் மிஞ்சியது அது ஒன்று. அந்த அறையில் எனக்கும் நர்ஸுக்கும் மட்டும்தான் அது தெரியும். சொல்லிவிட்டால் தட்டச்சில் ஏறும். மச்சினன் அதை நாலு பேரிடம் சொல்வான், அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று நாலு பேரும் சொல்வார்கள். வீட்டில் மாமியார் காத்திருக்கிறார், அவர் காதுக்கும் போகும். மாமனாரிடம் இருந்த ஒரு ‘அப்பா’வை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். சொல்லாவிட்டால் நர்ஸ் பொய் சொன்னவள் ஆவாள். என் மனைவி பேசாதவள் ஆவாள்.

நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் கூடைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமனாரின் கை முட்டியிலிருந்து போய்விட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் பார்க்காமல், நான் மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

“சொல்லுங்க மாப்ளே. அவ சொன்ன மாதிரியே சொல்லிடுங்க.”

சொன்னேன். நர்ஸ் சாம்பல் உறையைப் பிரித்ததைச் சொன்னேன். என் மனைவி அந்த ஊசியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டதைச் சொன்னேன். “அதுவே இருக்கட்டும், ஆரம் பெருசா இருந்தாத்தான்…” என்று நான் தொடங்கியதைச் சொன்னேன். முழுவதும் சொல்ல அவள் விடவில்லை. சிரித்தாள். முதலில் என் பக்கம் திரும்பினாள், பிறகு நர்ஸ் பக்கம். கையை மறுபடி அவளே நீட்டினாள்.

“நீ சும்மா இரு, பதினாறு. சிஸ்டர், அந்தப் பெருசு வேணாம், அதோ ரோஸ் கலர்ல இருக்கே, அதையே போடுங்க.”